‘ண’ மேல் ஒரு புள்ளி

என் அக்கா வீட்டுக்காரருக்கு லிஃப்ட் கம்பெனியில் ‘அரைநூல்’ என்று பெயர். கதவு அரை நூல் இடிக்கிறது, தரை அரை நூல் இறங்கியிருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே வாங்கிய பட்டம். ஒரு அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நூல். அதில் பாதிக்காக ஒரு மனுஷன் நாள் முழுக்க மல்லுக்கு நிற்பார் என்றால், அவரோடு குடித்தனம் நடத்துவது எப்படியிருக்கும் என்று என் அக்காவைத்தான் கேட்க வேண்டும். நான் அவருக்கு மச்சினி. அவரைக் கேலி பண்ணும் உரிமை அக்கா கல்யாணத்தன்றே எனக்கு வந்துவிட்டது. அதை நான் வீணாக்கியதில்லை.

அத்தான் ஆறடி உயரம். விரல் ஒவ்வொன்றும் வாழைக்காய் கனம். அந்தக் கையால் அவர் வாழ்த்து அட்டை செய்கிறார் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. கொசுவலை மாதிரி ஓட்டை ஓட்டையாக வெட்டிய பூ, நரம்பு தெரியும் இலை, தலைமுடி தடிமனில் கொடி. இத்தனையும் காகிதம்.

ஆரம்பித்தது என்னவோ அவர் மகள் குட்டிதான். கையால் சுற்றும் சின்ன மெஷின் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினாள். இரண்டு உருளை, நடுவில் ஒரு சந்து, அவ்வளவுதான் மெஷின். பூவின் வடிவத்தில் கூரான விளிம்பு வைத்த இரும்புத் தகடு ஒன்று உண்டு. கடைக்காரர் அதை ‘டை’ என்பார், அத்தான் ‘அச்சு’ என்பார். அச்சைக் காகிதத்தின் மேல் வைத்து, மேலே ஒன்று கீழே ஒன்றாகப் பிளாஸ்டிக் தட்டு கொடுத்து, சந்துக்குள் விட்டுச் சுற்றினால் அந்தப் பக்கம் காகிதம் பூவாக வெட்டுப்பட்டு வரும். குட்டி நாலு பூ வெட்டினாள், நாலும் அச்சிலேயே மாட்டிக்கொண்டு கிழிந்தன. மெஷின் வேறு கிறீச்சென்று கத்தியது. அப்பா, கொஞ்சம் பாருங்களேன் என்றாள். அத்தான் பார்த்தார். இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார். மெஷின் அவள் கைக்குத் திரும்பவே இல்லை.

லிஃப்டைப் பிரித்துப் பார்ப்பவருக்கு இது எம்மாத்திரம்? காகிதம் ஏன் மாட்டுகிறது என்று கண்டுபிடித்து, அக்கா சமையலறையில் வைத்திருந்த மெழுகுத் தாளைத் துண்டு போட்டு, அச்சுக்கும் காகிதத்துக்கும் நடுவே வைத்தார். பூ வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு மூலை மட்டும் வெட்டுப்படாமல் நின்றால், அந்த இடத்துக்கு நேராகத் தட்டுக்கு அடியில் ஒரு பழைய ரசீதை மடித்து வைப்பார். லிஃப்ட் மோட்டாருக்குத் தகடு கொடுத்துச் சமன் பண்ணும் அதே வைத்தியம். தட்டு வளைந்துவிட்டால் புரட்டிப் போட்டு மறுபடி சுற்றுவார், அது தானாக நிமிர்ந்துவிடும். அவசரப்பட்டு ஒரே சுற்றில் முடித்தால் பாதி வெட்டு, பாதி கிழிசல். முன்னே ஒரு தரம், பின்னே ஒரு தரம், அச்சை நகர்த்தாமல் சுற்ற வேண்டும் என்பது அவர் சட்டம்.

அதற்கப்புறம் ஓட்டைகளில் அடைத்திருக்கும் பொடித்துண்டுகளைத் தள்ள வேண்டும். அதற்கு ஊசி. யாருடைய ஊசி? என்னுடையது. நான் தையல்கடை வைத்திருக்கிறேன். என் கடையில் ஊசி காணாமல் போனால் அத்தான் வந்துபோனார் என்று அர்த்தம். காகிதத்தை ஸ்பாஞ்சின் மேல் கவிழ்த்து வைத்து, பின்பக்கத்திலிருந்து ஒவ்வொரு ஓட்டையாகக் குத்துவார். அச்சிலிருந்து காகிதத்தை இழுக்கவே மாட்டார். தூளியில் தூங்கும் பிள்ளையை எடுக்கிற மாதிரி எடுக்கணும் என்பார். சொந்தப் பிள்ளை தூளியில் தூங்கிய காலத்தில் அதைத் தொடக்கூடப் பயந்தவர் இவர்.

ஒட்டுவதுதான் அவர் சாமர்த்தியத்தின் உச்சம். சாதாரண ஜனங்கள் பசைப் புட்டியை நேராகப் பூவின் மேல் கவிழ்ப்போம். பூ நனைந்து சுருண்டு, ஓரமெல்லாம் பசை வழிந்து பளபளக்கும். அத்தான் ஒரு பிளாஸ்டிக் உறையின் மேல் ஒரு சொட்டு விட்டு, ஸ்பாஞ்சால் தேய்த்து மெல்லிசாக்கி, பூவின் முதுகை அதில் ஒற்றி எடுப்பார். ரொம்ப நுணுக்கமான கொடி என்றால் வெட்டுவதற்கு முன்பே காகிதத்தின் பின்னால் இரண்டு பக்கமும் ஒட்டுகிற தாளை ஒட்டிவிடுவார். வெட்டினால் ஸ்டிக்கர் மாதிரி வரும். வெட்டிய துண்டுகளை நகராமல் பிடிக்க டேப் வேண்டுமே, அதை முதலில் தன் சட்டையில் நாலு தரம் ஒட்டி எடுத்துப் பிசுபிசுப்பைக் குறைத்த பிறகே காகிதத்தில் வைப்பார். அவர் சட்டையில் பஞ்சு இல்லாததும், அக்கா வீட்டு டேப்பில் எல்லாம் பஞ்சு இருப்பதும் அதனால்தான். “பசை கண்ணுல பட்டா வேலை கண்ணுல படாது” என்று ஆயிரம் தரம் சொல்லியிருப்பார்.

எல்லாம் சரி. ஆனால் தன் கையில் தப்பு நடந்தது என்று அந்த வாயிலிருந்து ஒருநாளும் வராது. பூ கோணிப்போனால் காகிதம் சரியில்லை. இலை கிழிந்தால் ஈரக்காற்று. ஒரு தடவை ஒரு பட்டாம்பூச்சியைத் தலைகீழாக ஒட்டிவிட்டு, அது இறங்குகிறது என்றார். பிடித்த முயலுக்கு மூணே கால். அக்கா அந்த வாதத்துக்குப் போவதை எப்போதோ நிறுத்திவிட்டாள்.

குட்டிக்குக் கல்யாணம் நிச்சயமானதும், அழைப்பிதழை நானே செய்வேன் என்று அத்தான் மேஜையைப் பிடித்துக்கொண்டார். பூ அச்சு கடையில் கிடைக்கும், தமிழ் எழுத்து அச்சு எங்கே கிடைக்கும்? ரப்பர் ஸ்டாம்ப் கடைக்காரரைப் பிடித்து, அவர் மூலமாக இன்னொருவரைப் பிடித்து, ‘மண விழா அழைப்பிதழ்’ என்று ஒரு அச்சே செய்ய வைத்தார். அதைத் தங்க நிறக் காகிதத்தில் வெட்டினால்தான் தெரிந்தது வினை. எழுத்தெல்லாம் ஒழுங்காக வந்துவிடும். ‘ப்’புக்கும் ‘ழ்’க்கும் உள்ள புள்ளி மட்டும் தனித்தனியாகக் கழன்று மேஜையில் உருளும். கடுகு தோற்றது. தும்மினால் போச்சு, மின்விசிறி போட்டால் போச்சு. அந்த வாரங்களில் அக்கா வீட்டில் யாரும் வேகமாக நடக்கவில்லை. நான் ஒருநாள் முந்தானையில் இரண்டு புள்ளியோடு வீட்டுக்குப் போய்விட்டேன். பின்னாலேயே ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார்.

அதற்கும் வழி கண்டுபிடித்தார். எழுத்தை வெட்டி எடுத்த பிறகு மிச்சமிருக்கும் ஓட்டைக் காகிதத்தைத் தூக்கிப் போடாமல், அதை அட்டையின் மேல் சட்டம் மாதிரி வைத்தார். எந்த எழுத்து எங்கே என்று ஓட்டையே காட்டும். பசை தொட்ட எழுத்தை அதற்குரிய ஓட்டைக்குள் இறக்கி, சட்டத்தை எடுத்துவிட்டால் வரி நூல் பிடித்த மாதிரி நேராக நிற்கும். புள்ளி கடைசியில். ஊசி முனையில் துளி பசை, சாமணம் என்கிற சின்ன இடுக்கியில் புள்ளி, அதன் இடத்தில் வைத்து, மேலே கனமான புத்தகம். அழைப்பிதழை வாங்கினவர்கள் எல்லாம் எந்தக் கடை என்று கேட்டார்கள். எனக்கே பெருமையாகத்தான் இருந்தது. அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் தலையில் ஏறிக்கொள்வார்.

ஒரே ஒருவர் விஷயம்தான் எங்கள் எல்லாரையும் உறுத்திக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். சட்டைப் பையில் எப்போதும் சிவப்புப் பேனா, அதனால் குட்டியும் மாப்பிள்ளையும் தங்களுக்குள் அவரைச் ‘சிவப்புப் பேனா’ என்பார்கள். குட்டி பல் கிளினிக்கில் உதவியாளர். ஒருநாள் காற்றில் கிளினிக் பலகையிலிருந்து புள்ளி விழுந்து, ‘பல் மருத்துவமனை’ ‘பல மருத்துவமனை’ ஆகிவிட்டது. எத்தனை பேர் அந்த வழியாகப் போனார்கள், யாருக்கும் உறுத்தவில்லை. இவர் பஸ்ஸிலிருந்து இறங்கி உள்ளே வந்து, புள்ளியை மாட்டும்வரை போகமாட்டேன் என்று நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாள் அந்தக் கலாட்டாவுக்கு மன்னிப்புக் கேட்க அவர் மகன் வந்தான். அப்புறம் பல் வலியே இல்லாமல் அடிக்கடி வந்தான்.

பெண்ணை அவருக்குப் பிடிக்காமல் இல்லை. மகன் எல்லாம் முடிவு பண்ணிவிட்டுக் கடைசியில் வந்து சொன்னான் என்பதுதான் கோபம். “என்கிட்ட காட்டாமலே அச்சுக்குக் கொடுத்துட்டீங்க, இனிமே நான் பார்க்க என்ன இருக்கு?” என்று சொன்னவர் அதோடு வாயை மூடிக்கொண்டார். அக்காவும் அத்தானும் நேரில் போய்க் கூப்பிட்டார்கள். தேநீர் கொடுத்தார், வாசல்வரை வந்து வழியனுப்பினார், வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை, இருப்பது இந்த ஒரு அப்பாதான். அந்தப் பிள்ளை எங்கள் எதிரில் சிரித்துச் சிரித்துப் பேசிவிட்டு, படியிறங்கும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் முறைக்கு அவருக்கும் ஒரு அழைப்பிதழ் தபாலில் போயிற்று. அத்தான் செய்ததிலேயே நல்லதாகப் பார்த்து எடுத்து வைத்தார். விலாசம் எழுதித் தபாலில் போடுகிறேன் என்று குட்டி வாங்கிக்கொண்டு போனாள். எள் என்றால் எண்ணெயாக நிற்கும் பெண், யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. நான் அங்கேதான் இருந்தேன், குட்டியின் உடைக்கு அளவு எடுக்க. கதவைத் திறந்தால் ஒல்லியாக ஒரு மனிதர், பையில் சிவப்புப் பேனா, கையில் எங்கள் உறை. அக்கா பதறிப்போய் வாங்க வாங்க என்றாள். அவர் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“நான் கல்யாணத்துக்கு வரலை. பிழைக்காக வந்திருக்கேன்.”

அழைப்பிதழை மேஜையில் வைத்தார். நாங்கள் குனிந்து பார்த்தோம். தங்க எழுத்து ஜொலித்தது. ‘மண் விழா அழைப்பிதழ’. எனக்குக் கண்ணை இருட்டியது. கடைசி ‘ழ்’ தலையில் இருக்க வேண்டிய புள்ளி ‘ண’ தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மணம் மண்ணாகிவிட்டது. கல்யாணப் பத்திரிகையில், அதுவும் எந்த மனிதர் வரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு இருக்கிறாரோ அவருக்குப் போன பத்திரிகையில். அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அத்தான் பூதக்கண்ணாடியை எடுத்தார். இப்போது காகிதத்தைத் திட்டப்போகிறார், இல்லாவிட்டால் தபால்காரரை, அதோடு இந்தச் சம்பந்தம் ஒரேயடியாக முடிந்தது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் அந்தப் புள்ளியையே பார்த்தார். அட்டையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையை உயர்த்தி, சமையலறை வாசலைப் பார்த்தார். அங்கே குட்டி, திருடனுக்குத் தேள் கொட்டினது மாதிரி, மின்விசிறியை ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தாள்.

அத்தான் கண்ணாடியைக் கீழே வைத்தார்.

“என் தப்புதாங்க” என்றார்.

நான் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். அக்கா என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷ தாம்பத்தியத்தில் அவளுக்குக் கிடைக்காத வார்த்தை, பாவம், ஊரான் ஒருத்தருக்குக் கிடைத்தது.

வேறு புதிதாகச் செய்து தருகிறேன் என்று அத்தான் எழுந்தார். வந்தவர் ஒத்துக்கொள்ளவில்லை. “புதுசு வேணாம். இதையே சரி பண்ணுங்க. பிழைன்னா திருத்தணும், கிழிச்சுப் போடக் கூடாது.”

சொல்வது சுலபம். புள்ளி கல் மாதிரி ஒட்டியிருந்தது. அத்தான் அக்காவின் தலைமுடி உலர்த்தும் மெஷினை வாங்கி, தூரத்தில் பிடித்துச் சூடு காட்டினார். பசை இளகும், காகிதம் வாடக் கூடாது. பிளேடு விட்டால் அட்டை கீறும். என்ன செய்வது என்று யோசிக்கிறபோதே குட்டி கைப்பையைத் திறந்து, பல்லிடுக்கைச் சுத்தம் பண்ணுகிற நூலை எடுத்து நீட்டினாள். அத்தான் வாங்கி, இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, புள்ளிக்கு அடியில் கொடுத்து மெல்ல அறுத்தார். புள்ளி கையோடு வந்தது. நால்வரும் குனிந்திருந்தோம். வந்தவரின் தலையும் சேர்ந்து ஐந்தாவதாகக் குனிந்திருந்தது.

“நீங்களே வைங்க” என்று அத்தான் சாமணத்தை அவரிடம் கொடுத்தார். அவர் தயங்கினார். வாழ்நாளெல்லாம் தப்பைச் சுழித்துக் காட்டினவர், சரியானதைத் தன் கையால் வைத்ததில்லை போலிருக்கிறது. அத்தான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். பசையை நேராக வைக்காதீர்கள், உறையில் ஒரு சொட்டு, ஊசியால் தொடுங்கள், போதும் போதும், மூச்சை அப்புறம் விடலாம். அவர் மூக்கு அட்டையில் இடிக்குமளவு குனிந்தார். புள்ளி ‘ழ’வின் தலையில் இறங்கியது. அரை நூல் இடப்பக்கமாக. எனக்கே தெரிந்தது என்றால் அத்தானுக்குத் தெரியாமலா இருக்கும்? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “பிரமாதம்” என்றார்.

வந்தவர் தேநீர் குடித்தார். குட்டி கொண்டுவந்த தண்ணீரை வாங்கிக்கொண்டார். அட்டையின் மேல் வைத்திருந்த கனமான புத்தகத்தை நகர்த்தி, புள்ளி ஒட்டிவிட்டதா என்று இரண்டு தரம் பார்த்தார். அழைப்பிதழை உறையில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனவர் செருப்பை மாட்டியபடியே நின்றார்.

“இடம் போட்டிருக்கீங்க. எந்த பஸ்ல வரணும்னு போடலை. அதுவும் ஒரு குறைதான்.”

நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார் அத்தான். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தினதும் அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். குட்டி மாப்பிள்ளைக்கு போன் போட உள்ளே ஓடினாள். ஓடுகிறவளை நிறுத்தி அத்தான் ஒன்றே ஒன்று சொன்னார்: “அடுத்த தடவை பசையைக் குறை.”

அப்புறம்தான் எனக்கு விளக்கினார். புள்ளியைச் சுற்றி மெல்லிய வளையம் இருந்ததாம். பசை வழிந்து, வழிந்ததைத் துடைத்த தடம். பல்லுக்குச் சிமென்ட் வைக்கிறவர்கள் அப்படித்தான் வழிய வைத்துத் துடைப்பார்களாம். “என் பசை வழியாது” என்றார். அப்போதும் அந்தக் கர்வம் போகவில்லை. மகள் ஒரு மனிதரை வரவழைக்க வேண்டுமென்றே புள்ளியை மாற்றி ஒட்டி, அந்த மனிதருக்குத் தெரிந்த ஒரே வழியில் கூப்பிட்டிருக்கிறாள், அதைப் போட்டுக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். எனக்கு அன்றைக்கு அவரைக் கேலி பண்ண ஒன்றும் தோன்றவில்லை. ரொம்ப நல்ல மனுஷன். இதை எழுத்தில் சொல்லிவிட்டேன், நேரில் சொல்லமாட்டேன்.

கல்யாணத்தன்று முதல் ஆளாக வந்து நின்றது மாப்பிள்ளையின் அப்பாதான். வாசல் பலகையைப் படித்தார், மேடைக்குப் பின்னால் இருந்த துணியைப் படித்தார், சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்த அட்டையைக்கூட விடவில்லை. மகனின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார். அந்தப் பிள்ளை அப்படியே கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவரும் விடுவிக்கவில்லை.

கூட்டம் கொஞ்சம் குறைந்தபோது குட்டியின் உடையில் ஓரம் பிரிந்துவிட்டது. நான் வாயில் குண்டூசியோடு கீழே உட்கார்ந்து மடித்துக் குத்திக்கொண்டிருந்தேன். அவர் வந்து மருமகள் பக்கத்தில் நின்றார். நான் இருப்பது தெரியவில்லையோ, தெரிந்தும் பரவாயில்லை என்று நினைத்தாரோ.

“பிழை தானா வந்தா கோணலா வரும்மா. அது நட்டநடுவுல, நேரா இருந்தது.”

குட்டியின் கால் அசையாமல் நின்றது.

“தெரிஞ்சுமா வந்தீங்க?”

“தெரிஞ்சதாலதான் வந்தேன். இத்தனை வருஷம் மத்தவங்க பிழையைத் திருத்தியிருக்கேன். எனக்காக மெனக்கெட்டு யாரும் ஒரு பிழை பண்ணினதில்லை.”

நல்லவேளை என் வாயில் குண்டூசி இருந்தது, இல்லாவிட்டால் நான் ஏதாவது பேசிக் கெடுத்திருப்பேன். கண்ணில் தண்ணீர் முட்டி, குத்த வேண்டிய இடம் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து அத்தான் வந்து சேர்ந்தார். அழைப்பிதழில் அப்படி ஆகிவிட்டது, மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று மறுபடியும் ஆரம்பித்தார். மாப்பிள்ளையின் அப்பா ஒரு தரம் மருமகளைப் பார்த்தார், பிறகு அத்தானின் தோளில் கையைப் போட்டார்.

“விடுங்க சம்பந்தி. மனுஷன் கைதானே, தப்பு வரத்தான் செய்யும்.”

“ஆமாங்க” என்றார் அத்தான்.